பார்ப்பதற்கு ஒரு சொல், பார்வைக்கு வேறு சொல்: ஆங்கிலப் புலனறிவுச் சொற்களின் லத்தீன் வேர்கள்

கேள்வி: கோபி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். மாணவர்கள் அனைவரும் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். ஐம்புலன்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுப்பிய ஐயத்துக்கு நிறைவான விடையைத் தேடியே இங்கு எழுதுகிறேன்.

தமிழில் கண் என்பதும் காண் என்பதும் காட்சி என்பதும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன; கேள் என்ற வினையிலிருந்துதான் கேள்வியும் வருகிறது. ஆங்கிலத்திலோ பார்ப்பது ‘சீ’, கண்ணுக்குத் தெரிவது ‘விசிபிள்’; கேட்பது ‘ஹியர்’, காதில் விழக்கூடியது ‘ஆடிபிள்’; முகர்வது ‘ஸ்மெல்’, முகர்தலைச் சார்ந்தது ‘ஆல்ஃபாக்டரி’. வினைக்கும் பெயரடைக்கும் ஓர் எழுத்துகூட ஒத்துப்போகாத இந்த நிலை ஏன் என்பதே அவளுடைய கேள்வி. லத்தீனிலிருந்து வந்த சொற்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஒரு வரி, சொற்களை நினைவில் வைத்துக்கொள்ள அவளுக்கு எவ்வகையிலும் உதவவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

எனக்கும் ஓர் ஐயம் உண்டு. ‘சென்ஸ்’ என்றால் புலன் என்கிறோம், பொருள் என்கிறோம், விவேகம் என்றும் சொல்கிறோம். அதே வேரைச் சேர்ந்ததாக அகராதி காட்டும் ‘சென்டென்ஸ்’ என்ற சொல், இலக்கண வாக்கியத்தையும் நீதிபதி விதிக்கும் தண்டனையையும் ஒருங்கே குறிக்கிறது. இவை எப்படி ஓரிடத்தில் சேர்ந்தன? “சுவையொளி ஊறோசை நாற்றம்” என்ற குறளை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகளுக்கு, அந்த ஐந்தையும் வைத்தே இச்சொற்களைச் சொல்லித்தர வழியிருந்தால் கூறுங்கள்.

மறுமொழி 1: கோவை, ஓய்வுபெற்ற பேராசிரியர்

அம்மா, உங்கள் மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கு விடை ஆங்கிலத்தின் வரலாற்றில் இருக்கிறது.

ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்து மொழி. சீ, ஹியர், ஃபீல் ஆகியவை அந்த மொழியின் அடிமண்ணைச் சேர்ந்தவை. வீட்டிலும் வயலிலும் புழங்கிய சொற்கள் என்பதால் பிற்காலத்தில் எந்த மொழி வந்து ஆண்டபோதும் அவை இடம்பெயரவில்லை. 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு பேசப்பட்டது. பிரெஞ்சோ லத்தீனிலிருந்து பிறந்த மொழி. ஆகவே வியூ, சேவர், டேஸ்ட், ஒபே போன்ற சொற்கள் மக்கள் வாயில் பல நூற்றாண்டுகள் புழங்கித் தேய்ந்த வடிவத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தன. அதற்கும் பிறகு, மருத்துவத்தையும் தத்துவத்தையும் எழுதிய அறிஞர்கள், தங்களுக்குத் தேவையான பெயரடைகளை லத்தீன் நூல்களிலிருந்து நேரடியாக எடுத்துக்கொண்டார்கள். விசிபிள் 14ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. டாக்டைல் (தொடுதலைச் சார்ந்தது), ஆல்ஃபாக்டரி, கஸ்டேட்டரி (சுவைத்தலைச் சார்ந்தது) ஆகியவை 17ஆம் நூற்றாண்டின் வரவுகள். செயலைச் சொல்லும் சொல் வீட்டுச் சொல்லாகவும், அந்தச் செயலைப் பற்றிப் படிக்கும்போது தேவைப்படும் சொல் ஏட்டுச் சொல்லாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

நினைவில் வைக்கும் வழியைப் பொறுத்தவரை, சொல்லைச் சொல்லாகக் கற்பிப்பதைவிட, லத்தீன் வினையின் இரண்டு வடிவங்களைக் கற்பிப்பதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. லத்தீனில் பார் என்பதற்கான வினை ‘விதேரே’. அதன் இறந்தகால எச்ச வடிவம் ‘வீசும்’. முதல் வடிவத்தின் மெய்யெழுத்தை எவிடென்ஸ், புரொவைட், வீடியோ ஆகியவை வைத்திருக்கின்றன. இரண்டாவது வடிவத்தின் மெய்யெழுத்தை விஷன், விசிட், விசா, ரிவிஷன் ஆகியவை வைத்திருக்கின்றன. புரொவைட் என்ற வினை புரொவிஷன் என்று பெயராகும்போது எழுத்து ஏன் மாறுகிறது என்று எல்லா வகுப்பிலும் கேட்பார்கள். அந்த மாற்றம் ஆங்கிலத்தில் நடந்ததே அல்ல, ரோமில் நடந்தது. தொடு என்பதற்கு ‘தாங்கெரே’, ‘தாக்தும்’ என்ற இரு வடிவங்கள் உள்ளன. கணக்குப் பாடத்தில் தொடுகோடு என்று படிக்கிற டேன்ஜென்ட் முதல் வடிவிலிருந்தும், கான்டாக்ட், டாக்டைல் ஆகியவை இரண்டாவதிலிருந்தும் வந்தவை. முழு எண் என்று நாம் சொல்லும் இன்டிஜரும் இதே குடும்பம்தான்: எதுவும் தொட்டுக் குறைக்காதது, ஆகவே முழுமையானது.

இனி உங்கள் சொந்த ஐயம். ‘சென்தீரே’ என்ற லத்தீன் வினைக்கு உடலால் உணர்தல், மனத்தால் கருதுதல் என்ற இரு பொருளும் தொடக்கத்திலிருந்தே உண்டு. அதிலிருந்து பிறந்த ‘சென்தென்தியா’ என்ற பெயர் ஒருவர் கொண்ட கருத்தைக் குறித்தது. நீதிபதி ஒரு வழக்கில் கொண்ட கருத்து தீர்ப்பாயிற்று, தீர்ப்பு தண்டனையாயிற்று. சான்றோர் ஒருவரின் கருத்தைச் செறிவாகச் சொல்லும் தொடர் பொன்மொழியாயிற்று, பொருள் முற்றுப்பெற்ற எந்தத் தொடருக்கும் பிறகு அதுவே பெயராயிற்று. கன்சென்ட் என்பது உடன் உணர்தல், டிசென்ட் என்பது வேறாக உணர்தல். கவிஞர் மில்டன் 1641இல் ‘சென்சுவஸ்’ என்ற சொல்லைப் புதிதாக ஆக்கினார். ‘சென்சுவல்’ என்ற பழைய சொல்லில் காமத்தின் சாயல் ஏறிவிட்டதால், புலன்வழி இன்பத்தை அந்தச் சாயல் இல்லாமல் சொல்ல அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. பேச்சுவாக்கில் பிறந்ததென்று தோன்றும் சொற்களுக்குள்ளும் இப்படி ஒருவரின் கவனமான தேர்வு இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

‘பெர்சீவ்’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். ‘காபெரே’ என்றால் பிடித்தல். அதற்கு முன்னால் முழுமையைக் குறிக்கும் ‘பெர்’ சேர்ந்து, முழுவதுமாகப் பிடித்துக்கொள்ளுதல் என்ற பொருளைத் தருகிறது. ஒரு கணக்குப் புரியாதபோது “எனக்குப் பிடிபடவில்லை” என்று அவர்களே சொல்வார்கள் அல்லவா?

மறுமொழி 2: திருப்பூர்க் கணக்கர்

பேராசிரியர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. பனியன் நிறுவனக் கணக்குகளோடு வாழ்பவன் என்ற முறையில் ‘ஆடிட்’ என்ற சொல்லைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன். கேள் என்பதற்கான லத்தீன் வினை ‘அவுதீரே’. இடைக்கால இங்கிலாந்தில் பண்ணைக் காரியக்காரர் வரவு செலவை வாய்விட்டுப் படிக்க, பொறுப்பாளர் உட்கார்ந்து கேட்பார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில் கணக்கைச் சரிபார்ப்பது என்பதே கணக்கைக் கேட்பதாக இருந்தது. ஆடிட்டர் என்ற சொல்லின் நேர்ப்பொருள் கேட்பவர் என்பதுதான். மில்லில் நாம் அன்றாடம் அழைக்கும் சூப்பர்வைசரோ மேலிருந்து பார்ப்பவர்; மேற்பார்வையாளர் என்ற தமிழ்ச் சொல் அதே கட்டமைப்பைக் கொண்டது.

கோபி கடைவீதியில் புரொவிஷன் ஸ்டோர்ஸ் என்று பலகை மாட்டிய மளிகைக் கடைகளை உங்கள் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். முன்கூட்டிப் பார்த்தல் என்பது புரொவைட் என்பதன் வேர்ப்பொருள். வரப்போகும் நாள்களுக்கு என்ன தேவை என்று முன்னமே பார்த்து வாங்கி வைக்கிற பண்டம் புரொவிஷன். அந்தப் பலகையைக் காட்டி விதேரே குடும்பத்தைத் தொடங்கினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

‘ஒபே’ என்ற கீழ்ப்படிதலும் அவுதீரேயிலிருந்தே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லத்தீனில் ‘ஒபேதீரே’ என்றால் ஒருவர் சொல்லுக்குக் காது கொடுத்தல். பேச்சைக் கேட்காத பிள்ளை என்று நம் ஊரில் கண்டிக்கும்போது, காது கேளாத பிள்ளை என்று யாரும் பொருள் கொள்வதில்லை. இரு மொழிகளும் தனித்தனியே இதே முடிவுக்கு வந்திருப்பது எனக்குப் பெரும் வியப்பு.

மறுமொழி 3: சென்னிமலை வாசகர்

பார்வையைக் குறிக்கும் இன்னொரு லத்தீன் வினையை இதுவரை யாரும் தொடவில்லை. ‘ஸ்பெகெரே’ என்பது கூர்ந்து நோக்குதல். இன்ஸ்பெக்டர் உள்ளே நோக்குபவர். ரெஸ்பெக்ட் திரும்பி நோக்குதல், ஒருவரைக் கண்டும் காணாமல் கடந்துவிடாமல் மதித்துத் திரும்பிப் பார்த்தல். சஸ்பெக்ட் அடியிலிருந்து நோக்குதல். டெஸ்பைஸ் கீழ்நோக்கிப் பார்த்து இகழ்தல். மூக்குக் கண்ணாடியைக் குறிக்கும் ஸ்பெக்ஸும் இதிலிருந்து வந்ததே. முப்பட்டகத்தின் வழியே பிரிந்த ஒளிப்பட்டைக்கு நியூட்டன் 1672இல் ஸ்பெக்ட்ரம் என்று பெயரிட்டபோது, தோற்றம், உருவெளி என்று பொருள்படும் லத்தீன் சொல்லையே எடுத்துக்கொண்டார்.

எனக்கு நெருக்கமானது இந்தக் குடும்பத்தின் வேறொரு கிளை. ‘ஸ்பெகியேஸ்’ என்ற பெயர்ச்சொல் முதலில் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைக் குறித்தது; தோற்றத்தால் வேறுபடும் வகையைப் பிறகு குறித்தது, உயிரியலில் இன்றும் ஸ்பீஷிஸ் என்கிறோம். பிற்கால லத்தீனில் அது வணிகத்துக்குரிய சரக்கு என்ற பொருளையும் பெற்றது. சரக்குகளில் விலையுயர்ந்தவை மிளகும் பட்டையுமாக இருந்தமையால், பிரெஞ்சின் வழியே தேய்ந்து வந்த வடிவம் ஆங்கிலத்தில் ‘ஸ்பைஸ்’ ஆகி, மணப்பொருள்களை மட்டும் குறித்து நின்றது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஏற்றுமதி மூட்டையின்மேல் அச்சாகும் ஸ்பைஸ் என்ற சொல், தொடக்கத்தில் பார்வையைப் பற்றிய சொல். நாமும் மருந்துக் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலியைச் சரக்கு என்ற பொதுப்பெயராலேயே கேட்டு வாங்குகிறோம்.

ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில், கி.பி. 533இல் வெளியான ரோமானியச் சட்டத் தொகுப்பில், கிழக்கிலிருந்து வந்து சுங்கம் செலுத்த வேண்டிய பண்டங்களின் பட்டியல் ஒன்று உள்ளது. அதன் தலைப்பே ஸ்பெகியேஸ் என்ற சொல்லில் தொடங்குகிறது. திப்பிலியும் வெண்மிளகும் இடம்பெறும் அந்தப் பட்டியலில் பெரில் என்னும் பச்சைக்கல்லும் உண்டு. பெரில், காங்கேயத்தை அடுத்த நம் படியூரில் தோண்டியெடுக்கப்பட்ட கல். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அதை மணியாகக் கடைந்த தொழிற்கூடங்களின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடும் ஊர் இதுவே. இந்தக் கல்லின் பெயர் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் இந்தியாவிலிருந்து சென்றது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து உண்டு. வைடூரியம் என்ற நம் சொல்லோடு அது தொடர்புடையது. இடைக்கால ஐரோப்பாவில் பெரில் போன்ற தெளிந்த கற்களை இழைத்து எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அதனால்தான் ஜெர்மன் மொழியில் மூக்குக் கண்ணாடிக்கு இன்றும் ‘பிரில்லே’ என்று பெயர். பார்வைச் சொற்களின் கதையில் காங்கேயத்துப் பக்கத்துக் கல் ஒன்றுக்கும் இடம் உண்டு என்பதை அந்தப் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

கோபி ஆசிரியை

ஒவ்வொரு மறுமொழியையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், மிக்க நன்றி. ஒளி, ஓசை, ஊறு (தொடுதல்) ஆகிய மூன்றுக்கும் பாதை கிடைத்துவிட்டது. சுவையும் நாற்றமும் எஞ்சியிருக்கின்றன. அரட்டையில் பிள்ளைகள் சொல்லும் ‘சென்ட்’ என்ற சொல்லும் சென்தீரேயிலிருந்து வந்ததுதானா?

மறுமொழி 4: செவிலியர் பயிற்றுநர், கோவை

ஆம், அம்மா. வேட்டைநாய் மோப்பத்தால் உணர்வதைக் குறிக்க வந்த சொல் அது. பிரெஞ்சு வழியாக வந்தபோது ‘சென்ட்’ என்பதன் எழுத்துக்கூட்டலில் இடையில் ‘சி’ என்ற எழுத்து இல்லை. 17ஆம் நூற்றாண்டில் அது வந்து ஒட்டிக்கொண்டது, சொல்லின் பிறப்போடு அதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது. ஐந்து சென்ட் நிலம் என்று நாம் சொல்லும் சென்ட் வேறு. அது நூறு என்ற லத்தீன் எண்ணுப்பெயரிலிருந்து வந்து, ஏக்கரில் நூறில் ஒரு பங்கைக் குறிக்கிறது. அதுபோலவே கருவிகளில் உள்ள சென்சாரும் திரைப்படத் தணிக்கையின் சென்சாரும் தமிழில் ஒன்றாக எழுதப்பட்டாலும், முன்னது உணர்தலிலிருந்தும் பின்னது மதிப்பிடுதலிலிருந்தும் பிறந்தவை.

நாற்றத்துக்குரிய லத்தீன் வினை ‘ஒலேரே’, மணம் வீசுதல். அதனோடு செய்தல் என்ற பொருளுடைய வினை சேர்ந்து ஆல்ஃபாக்டரி உருவாயிற்று. மண்டையோட்டு நரம்புகளில் முதலாவதற்கு இதுவே பெயர். இரண்டாவதான ஆப்டிக் நரம்பின் பெயர் கிரேக்கம் என்பதை மாணவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மருத்துவத்தில் வரும் புலன் சொற்கள் அனைத்தையும் லத்தீன் என்று கருதிவிட்டால், அனஸ்தீசியாவிலும் ஸ்டெதஸ்கோப்பிலும் இடறுவார்கள். லானெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1816இல் உருவாக்கிய அந்தக் கருவிக்குப் பெயர் கிரேக்கம். அதை வைத்து நெஞ்சொலி கேட்கும் செயலுக்கு ‘ஆஸ்கல்டேஷன்’ என்ற பெயர் லத்தீன்.

நாற்றம் என்ற நம் சொல் குறளில் நறுமணத்தையும் தழுவி நின்று, இன்று துர்நாற்றத்தில் ஒடுங்கிவிட்டது. ஆங்கிலத்தின் ‘ஸ்டிங்க்’ என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் நல்ல மணத்துக்கும் வழங்கியதுதான். வெளியிலிருந்து வந்த ஓடர், சென்ட் போன்ற சொற்கள் மரியாதையான இடத்தைப் பிடித்துக்கொள்ள, வீட்டுச் சொல் கீழே இறங்கியது.

சுவைக்கு இரண்டு வினைகள் உள்ளன. ‘குஸ்தாரே’ என்பதிலிருந்து கஸ்டேட்டரியும், சுவைக்கு எதிரானது என்ற பொருளில் டிஸ்கஸ்டும் வந்தன. மற்றொன்று ‘சாபெரே’. சுவையுடையதாக இருத்தல், சுவையைப் பகுத்தறிதல், அறிவுடையவனாக இருத்தல் என்ற மூன்றும் அந்த ஒரே வினையின் பொருள்கள். சப்பென்று இருப்பது இன்சிபிட். லின்னேயஸ் 1758இல் மனித இனத்துக்கு ஹோமோ சேப்பியன்ஸ் என்று பெயர் சூட்டியபோது எடுத்தாண்டதும் இந்த வினையின் எச்சத்தையே.

மறுமொழி 5: கோவை, ஓய்வுபெற்ற பேராசிரியர்

மேலே எழுதியவர்கள் அனைவரும் பாடத்தைச் செழுமையாக்கியிருக்கிறார்கள். இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

தமிழில் முகர்ந்து பார், தொட்டுப் பார், ருசித்துப் பார் என்று ஐந்து புலனுக்கும் ‘பார்’ என்பதைத் துணையாக நிறுத்துகிறோம். லத்தீனிலும் இந்த வழக்கு இருந்ததை, கி.பி. 400ஐ ஒட்டிப் புனித அகஸ்டின் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் பத்தாம் பகுதியில் கவனித்து எழுதியிருக்கிறார். எப்படி ஒலிக்கிறது பார், எப்படி மணக்கிறது பார், எப்படிச் சுவைக்கிறது பார், எவ்வளவு கடினமாக இருக்கிறது பார் என்று சொல்கிறோமே தவிர, எப்படி மின்னுகிறது கேள் என்றோ முகர் என்றோ யாரும் சொல்வதில்லை என்பது அவருடைய கூற்று. அறிவைத் தேடும் செயலில் கண்ணே முதன்மை பெறுவதால் மற்றப் புலன்களும் அதன் சொல்லைக் கடன் வாங்குகின்றன என்று அவர் காரணம் காட்டுகிறார். விதேரே குடும்பம் மற்ற நான்கைவிடப் பெரிதாகக் கிளைத்திருப்பதற்கும் இதையே காரணமாகக் கொள்ளலாம்.

மற்றொன்று எச்சரிக்கை. தாங்கெரே என்றதும் தாங்கு என்ற தமிழ் வினையோடு அதை இணைத்து, இரண்டும் ஒன்றே என்று சொல்லும் ஆசை மாணவர்களுக்கு வரும். ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. பல சொற்களில் ஒரே முறையில் அமைந்த ஒலி மாற்றத்தைக் காட்ட முடிந்தால்தான் உறவு நிலைபெறும். அப்படி நிலைபெற்ற உறவு ஒன்று உண்டு. வித்தை, வேதம் ஆகிய சொற்கள் பிறந்த சமஸ்கிருத வேரும் விதேரேயும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தைச் சேர்ந்தவை. வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த வித்தையும், ரோமிலிருந்து ஆங்கிலத்தின் வழியே வந்த வீடியோவும் இவ்வாறு தொலைதூர உறவினர்கள். இதில் தமிழ் பெற்றுக்கொண்ட மொழியே தவிர, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

ஆங்கிலத்துக்குள்ளேயே இதே எச்சரிக்கை தேவைப்படும் இடம் ‘டச்’. தொடுதல் என்ற பொருளை வைத்து அதைத் தாங்கெரே குடும்பத்தில் சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் தட்டும் ஓசையைப் போலி செய்து மக்கள் பேச்சு லத்தீனில் உருவான வேறொரு வினையிலிருந்து அது வந்தது என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். தாங்கெரேயின் வழித்தோன்றலாகக் கருதப்படுவது, யாரும் எதிர்பாராத ‘டேஸ்ட்’. இடைக்கால ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தொட்டுச் சோதித்தல் என்ற பொருளும் இருந்தது. கையால் சோதிப்பது நாவால் சோதிப்பதாகச் சுருங்கிய பிறகே அது சுவையின் சொல்லாயிற்று. ஆகவே ஊறும் சுவையும் வரும் வகுப்பை ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. டச், டேஸ்ட் இரண்டையும் பலகையில் அருகருகே எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று முதலில் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.